படத்தில் தெரிவதெல்லாம் நோயன்று

கணையத்தில் புற்றுநோய் கண்டு, அதன் தலைப்பகுதியை அறுவை சிகிச்சையால் நீக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசம் முடிந்து வீடு திரும்பி, உணவும் உறக்கமும் மெல்ல மெல்லக் கூடிவந்து, கண்டம் கழிந்தது என்று குடும்பத்தார் நிம்மதிப் பெருமூச்சு விடும் வேளையிலேதான், சில மாதங்களுக்குப் பின் எடுத்த சி.டி. ஸ்கேனின் அறிக்கை கைக்கு வந்து சேர்கிறது. குடலுக்குச் செல்லும் பெரிய தமனியைச் சுற்றி மென்திசு காணப்படுகிறது என்றும், நோய் மீண்டும் தோன்றியிருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்றும் அதில் ஒரு வரி இருக்கும். வைத்தியரைச் சந்திக்கும் நாள் வரையில், அந்த ஒரு வரியினால், அந்த வீட்டில் எவருக்கும் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

அந்த வரியை எழுதிய நிபுணர் தாம் கண்டதைத்தான் எழுதினார், அதில் குற்றமில்லை. ஆயினும் கண்டது இன்னதென்று தீர்மானிக்கப் படம் ஒன்று மட்டும் போதாது என்பதும், கணைய அறுவைக்குப் பின் எடுக்கும் படங்களில் நோயின் சாயலோடு தோன்றி நோயல்லாது போகும் தோற்றங்கள் பல உண்டு என்பதும், அவற்றை இனம் கண்டுகொள்ளத் தவறினால் குணமடைந்து வருகிற மனிதர் அநாவசியமான கீமோதெரபிக்கும், சில சமயம் மற்றோர் அறுவைக்கும் ஆளாக நேரிடும் என்பதும் நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். நிபுணர்களுக்குள்ளே மட்டும் பேசப்பட்டுவரும் இதைச் சற்று விரிவாகவே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கணையம் வயிற்றுக்குள் மிகவும் ஒதுக்குப்புறமான ஸ்தானத்தில் அமைந்த அவயவம். இரைப்பைக்குப் பின்னாலும் முதுகெலும்புக்கு முன்னாலும் குறுக்காகக் கிடக்கும் இதன் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். இதன் தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கிறது. வால் மண்ணீரலை எட்டிப்பிடிக்கிறது. கழுத்துக்குப் பின்னால், குடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் சேர்க்கும் பெரிய சிரையும் அடுத்தடுத்து ஓடுகின்றன. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஜீரண நீரைச் சுரப்பதும், இன்சுலினை ரத்தத்தில் விடுவதும் இதன் தொழில்கள். தையல் ஊசி பட்டால் கிழிந்துபோகும் அளவுக்கு மிருதுவான இந்த அவயவத்திலிருந்து வெளியே கசியும் நீரோ, பக்கத்திலுள்ள திசுக்களையும் ரத்தக் குழாய்களின் சுவரையும் அரித்துவிடக்கூடியது. அதனால்தான் ரண சிகிச்சை நிபுணர்கள் நெடுங்காலம் இதைத் தொடவே அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தை மீறிக் கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து நீக்கும் முயற்சியில், பெர்லின் நகரத்து வால்ட்டர் கௌஷ் 1909-ஆம் ஆண்டில், இரண்டு கட்டமாகச் செய்து வெற்றி கண்டார். நியூயார்க் நகரத்து ஆலன் விப்பிள் 1935-இல் தம் சகாக்களோடு வெளியிட்ட கட்டுரையின் மூலம் அது உலகறிந்த சிகிச்சையாயிற்று. இன்றைக்கும் அது விப்பிள் அறுவை என்றே அவருடைய பெயரால் வழங்குகிறது. ஒரு காலத்தில் இதைச் செய்துகொண்டவர்களில் நாலில் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே மாண்டுபோன நிலை இருந்தது. அனுபவம் மிகுந்த ஆஸ்பத்திரிகளில் இப்போது அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பாகம், பலருக்கு இரைப்பையின் கடைப்பாகம் ஆகிய இத்தனையையும் எடுத்துவிட்டு, கீழேயிருந்து சிறுகுடலை மேலே இழுத்து, எஞ்சிய கணையத்தை ஓரிடத்திலும், பித்தநாளத்தை வேறோரிடத்திலும், இரைப்பையை மற்றோரிடத்திலுமாக அதனோடு இணைத்துத் தைக்கிறார்கள். ஈசுவர சிருஷ்டியிலே இல்லாத மூன்று புதிய இணைப்புகள் வயிற்றுக்குள் உண்டாகின்றன.

பழைய வீடொன்றை வாங்கிய ஒருவர், அடுப்படியை இடித்துக் கூடமாக்கி, கொல்லைத் தாழ்வாரத்தைச் சுவர் வைத்து அறையாக்கி, கிணற்றையும் மூடித் தளம் போட்டுவிட்ட பின்பு, பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அதற்குள் நுழைகிறவர் எப்படித் திகைப்பாரோ, அப்படித்தான் விப்பிள் அறுவை செய்துகொண்ட வயிற்றின் படத்தை, என்ன அறுவை நடந்தது என்று தெரியாமல் படிக்க உட்காருகிறவரும் திகைக்கிறார். இருக்க வேண்டியது இல்லை. இருக்கக்கூடாத இடத்தில் ஏதோ இருக்கிறது.

சி.டி. ஸ்கேன் எதைக் காட்டுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று லண்டனில் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியைப் படமெடுத்த அந்த இயந்திரத்தை ஆக்கியவர் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர். எக்ஸ் கதிர்களை ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கணக்கிட்டு எண்ணாக்கும் அளவுகோல் அவர் பெயராலேயே வழங்கிவருகிறது. அந்த அளவுகோலில் தண்ணீர் பூஜ்யம். காற்று பூஜ்யத்துக்குக் கீழே 1000. கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே 100-ஐ ஒட்டியது. தசை பூஜ்யத்துக்கு மேலே ஐம்பதை ஒட்டியது. இந்த எண்கள்தாம் கறுப்பாகவும் வெளுப்பாகவும் சாம்பலாகவும் திரையில் தோன்றுகின்றன. ஆகவே, ஒரு சாம்பல்நிறப் பகுதியைப் பார்த்து, அது எவ்வளவு அடர்த்தியுள்ளது, ரத்தக் குழாயில் செலுத்திய சாய மருந்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை நிச்சயமாகச் சொல்லலாம். அது புற்றா, தழும்பா, வீங்கிய திசுவா, மடங்கிக் கிடக்கும் குடலா என்பதை அனுமானத்தினால்தான் சொல்ல முடியும்.

அனுமானம் இங்கே ஏன் இவ்வளவு கடினமாகிறது என்பதற்குக் கணையப் புற்றுநோயின் சுபாவமே முதற்காரணம். வேறு பல அவயவங்களில் தோன்றும் கட்டிகளில் புற்று அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு திரண்டிருக்க, கணையக் கட்டியிலோ அவை சிறு சிறு கூட்டங்களாக ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து வளரும் நார்த்திசுவே கட்டியின் பெரும்பகுதியாக இருக்கிறது. அறுபட்ட இடத்தை உடம்பு ஆற்றிக்கொள்ளும்போது உண்டாக்கும் தழும்பும் அதே நார்த்திசுதான். இரண்டுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்று. இரண்டுமே சாய மருந்தைக் குறைவாக, தாமதமாக உறிஞ்சுகிறவை. இதோடு இடமும் ஒன்றாகிவிடுகிறது. கணையப் புற்று, நரம்புகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்லும் வழக்கமுடையது. குடல் தமனியைச் சுற்றிப் பின்னியிருக்கும் நரம்புவலையே அதற்குப் பிரியமான பாதை. அந்தக் காரணத்தாலேயே ரண சிகிச்சை நிபுணர் அத்தமனியைச் சுற்றியுள்ள திசுவை மிகவும் கவனமாகச் சுரண்டி எடுக்கிறார். சுரண்டிய இடத்தில் வீக்கமும், பிறகு தழும்பும் உண்டாகின்றன. நோய் மீண்டு வருமானால் முதலில் வரக்கூடிய இடமும், நோயே வராவிட்டாலும் தழும்பு கட்டாயம் தோன்றும் இடமும் ஒன்றேயாக அமைந்துவிட்டதை நினைக்கும்போது, அறிக்கையில் அந்தச் சந்தேக வரியை எழுதியவர் மீது கோபம் எழுவதற்குப் பதிலாக அவருடைய சங்கடமே நமக்கு விளங்குகிறது.

அறுவைக்கு முன்னால் கீமோதெரபியும் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மருந்தினால் புற்று அணுக்கள் மாண்டுபோன பின்பும் அவற்றைச் சூழ்ந்திருந்த நார்த்திசு அப்படியே நின்றுவிடுவதால், கட்டி குறையவே இல்லை என்று படம் சொல்லும். ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்தைப் பெற்ற பிறகும் ரத்தக் குழாயைக் கட்டி சூழ்ந்திருப்பதாகவே ஸ்கேனில் தெரிந்த நோயாளிகள் பலரை அறுவைக்கு எடுத்துக்கொண்டபோது, அவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டியை முற்றாக அகற்ற முடிந்தது என்று பாஸ்டன் நகரத்து மாசசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் 2015-இல் எழுதினார்கள். படத்தை மட்டும் நம்பியிருந்தால் அவர்களுக்கு அந்த வாய்ப்பே கிட்டியிராது.

இனி, ஏமாற்றும் தோற்றங்களில் மிகவும் பிரசித்தமான ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கும் ரேடியாலஜிஸ்ட் மௌஸின் சக்கரத்தை விரலால் உருட்ட உருட்ட, வயிற்றின் குறுக்குவெட்டுப் படங்கள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. கல்லீரலுக்கு அடியில், முதுகெலும்புக்குச் சற்று வலப்புறமாக, முன்பு முன்சிறுகுடல் இருந்த இடத்தை ஒட்டி, சாம்பல்நிற உருண்டை ஒன்று தலைகாட்டுகிறது. ஸ்கேனுக்கு முன் நோயாளி குடித்த மருந்து கலந்த நீர் இரைப்பையிலும் மற்றக் குடல்களிலும் வெளுப்பாக நிரம்பியிருக்க, இந்த உருண்டைக்குள் மட்டும் அது ஒரு சொட்டும் புகவில்லை. அவசரப்படுகிறவர் இதைக் கட்டி என்று எழுதிவிடுவார். நோயாளிக்குக் காய்ச்சலும் இருந்துவிட்டால் சீழ்க்கட்டி என்று கருதி ஊசி நுழைக்கவும் யோசனை சொல்வார். நிதானமுள்ளவரோ விரலை நிறுத்தாமல் மேலும் கீழும் உருட்டிப் பார்க்கிறார். உருண்டை முடிந்துவிடவில்லை, அடுத்த படத்தில் சற்று நீள்கிறது, அதற்கடுத்ததில் வளைகிறது, அதன் உட்சுவரிலே சிறுகுடலுக்கே உரிய மெல்லிய மடிப்புகள் வரிவரியாகத் தெரிகின்றன, ஒரு முனை பித்தநாளத்தைப் போய்த் தொடுகிறது. மேலே இழுத்துத் தைத்த குடல் வளைவேதான் அது! பித்தமும் கணைய நீரும் இறங்கிவரும் வழியாதலால், வாய்வழியே குடித்த நீர் எதிர்த்திசையில் ஏறி அதற்குள் செல்வது அபூர்வம். படத்தைக் குறுக்காகப் பார்த்தது போக, நெடுக்காகவும் ஒரு முறை திருப்பிப் பார்த்தால் குழாயின் வடிவம் பிரத்யட்சமாகத் தெரிந்துவிடுகிறது. சிலருக்குக் கணையத்தின் வெட்டுமுனையைக் குடலுக்குள் செருகித் தைத்திருப்பார்கள். அப்போது குடலின் உள்ளே ஒரு சதைக்குமிழ் துருத்திக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். அதுவும் கட்டியன்று, தையலின் முறை.

ரண சிகிச்சை நிபுணர் நல்லெண்ணத்தோடு உள்ளே விட்டுவந்த பொருள்களும் பின்னாளில் சந்தேகத்துக்கு இடமாகின்றன. கணைய நீர் கசிந்து, கட்டிவிட்ட தமனியின் முனையை அரித்துவிடாதிருக்க, கல்லீரலிலிருந்து தொப்புளை நோக்கி வரும் தசைநாரை அதைச் சூழ்ந்துள்ள கொழுப்போடு பெயர்த்தெடுத்து அந்த முனையின்மேல் போர்த்திவிடும் யுக்தி ஒன்றைப் பல நிபுணர்கள் கையாளுகிறார்கள். மாதங்கள் கழித்துப் படமெடுக்கும்போது, கல்லீரல் வாயிலருகே கொழுப்புத் திரளொன்று, உள்ளே கோடுகளும் இழைகளுமாகத் தெரிகிறது. அறுவையின் விவரக் குறிப்பைப் படிக்காதவருக்கு அது அழுகிய கொழுப்பாகவோ விநோதமான கட்டியாகவோ தோன்றினால் வியப்பில்லை. ரத்தக் கசிவை நிறுத்துவதற்காக வைத்துவிட்டு வரும், தானே கரைந்துபோகும் செல்லுலோஸ் துணியோ இன்னும் அதிகமாக ஏமாற்றும். அதன் இழைகளுக்கிடையே அகப்பட்ட காற்று சிறு சிறு குமிழ்களாகத் தெரிவதால் சீழ்க்கட்டி என்ற எண்ணம் உடனே எழுகிறது. சீழ்க்கட்டியில் காற்று மேலே சேர்ந்து, சீழ் கீழே தங்கி, இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு போலொரு மட்டம் பெரும்பாலும் தெரியும். துணியில் குமிழ்கள் ஒரே இடத்தில் நெருங்கி நின்று அசையாதிருக்கும். இது எப்போதும் பலிக்கும் இலக்கணமன்று. என்றாலும், துணி வைத்ததை நிபுணர் எழுதிவைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துபோகும்.

பித்தநாளத்தில் காற்று இருப்பதைக் கண்டு பதறுகிறவர்களும் உண்டு. அறுவை செய்துகொள்ளாதவருக்கு அது ஒரு கெட்ட அறிகுறியாக இருக்கலாம். பித்தநாளத்தை நேரே குடலோடு இணைத்த பிறகு குடலின் காற்று அதில் ஏறுவது இயற்கை. இணைப்பு திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே நற்சாட்சி. முன்பு இருந்த காற்று காணாமற்போய், கல்லீரலுக்குள்ளே பித்தநாளங்கள் விரியத் தொடங்கினால்தான் இணைப்பு குறுகிவிட்டதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கல்லீரலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் தவறான முடிவு மிகவும் கொடிதாக விளையும் இடம் இதுதான். கணையப் புற்று பரவும்போது முதலில் நாடும் அவயவங்களில் கல்லீரல் ஒன்று. அறுவைக்குப் பின் அதில் சின்னஞ்சிறு கரும்புள்ளிகள் சில தோன்றினால், நோய் பரவிவிட்டது, இனி சிகிச்சையின் நோக்கமே வேறு என்று முடிவு கட்டுவது மிகவும் எளிது. ஆனால் குடலோடு இணைக்கப்பட்ட பித்தநாளத்தின் வழியே குடலின் கிருமிகள் மேலேறி, கல்லீரலுக்குள் நுண்ணிய சீழ்க்கட்டிகளை உண்டாக்குவதும் உண்டு. அவையும் கரும்புள்ளிகளாகவே தெரியும், எம்.ஆர்.ஐ. படத்திலும் இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். குளிர்காய்ச்சல் வந்ததா, வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றனவா, புள்ளிகள் ஒரே மூலையில் கொத்தாக நிற்கின்றனவா என்று விசாரித்து, ஆன்டிபயாடிக் கொடுத்துச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தால், சீழ்க்கட்டிகள் சுருங்கி மறைந்திருப்பதைக் காணலாம். அந்தச் சில வாரங்கள் பொறுக்காமல், சீழ் இருக்கும் உடம்பில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் கீமோதெரபி மருந்தைச் செலுத்தினால் என்ன நேரும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கணைய நொதிகள் குறைந்துபோனதால் சில மாதங்களுக்குள் கல்லீரலில் கொழுப்பு படிவது இன்னொன்று. எல்லா இடத்திலும் சமமாகப் படியாமல் திட்டுத்திட்டாகப் படிவதால், கொழுப்பு படியாது தப்பிய பகுதிகள் முடிச்சுகள்போலத் தோன்றும். சாப்பாட்டோடு கணைய நொதி மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டு உடம்பு தேறும்போது இந்தக் கொழுப்பும் பலருக்குக் குறைந்துவிடுகிறது.

கணையத்தின் வாலை நீக்கும் அறுவையில் பெரும்பாலும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். காலியான அந்த இடத்தில் இரைப்பையோ சிறுகுடலோ பெருங்குடலோ சரிந்து வந்து அமர்ந்துகொண்டு, முதற்பார்வைக்குக் கட்டியாகத் தோற்றமளிக்கும். இதைவிட நூதனமான சங்கதி ஒன்றுண்டு. சிலருக்குப் பிறவியிலேயே மண்ணீரலுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டளவில் ஓர் உபமண்ணீரல் இருக்கும். பெரிய மண்ணீரலை எடுத்த பிறகு அதன் வேலையையும் ஏற்றுக்கொண்டு இது வளரத் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு முன் சிறியதாக இருந்தது இப்போது பெரியதாகியிருக்கிறது என்று இரண்டு படங்களை ஒப்பிட்டு உறுதியாகச் சொல்ல முடிகிறபோது, அதைப் புற்று என்று நினைக்காதவர் யார்? சூடாக்கிச் சிதைத்த சிவப்பணுக்களில் கதிரியக்கச் சுவடு சேர்த்து உடம்பில் செலுத்தினால், அவற்றை வடிகட்டும் குணமுள்ள மண்ணீரல் திசு மட்டும் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கென்றே ஒரு பரிசோதனை இருக்கிறது. ஆனால் அதைச் செய்யலாமே என்ற எண்ணம் ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் தீராத சந்தேகத்தை பெட் ஸ்கேன் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை ஜனங்களிடையே பலமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பரிசோதனையில் கதிரியக்க ஃப்ளூரின் சேர்த்த குளுக்கோஸைச் செலுத்தி, உடம்பில் எந்த இடம் அதை மிகுதியாக உண்கிறது என்று பார்க்கிறார்கள். புற்று அணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக உண்பது உண்மை. காயத்தை ஆற்றவும் கிருமியை எதிர்க்கவும் திரண்டுவரும் வெள்ளணுக்களும் அதை அவ்வாறே உண்கின்றன. ஆகவே ஆறாத அறுவைப் புண்ணும், தையல் நூலைச் சுற்றி எழுந்த வீக்கமும், கதிர்வீச்சுபட்ட திசுவும் பிரகாசமாக ஒளிர்வதுண்டு. மறுபுறம், கணையத்தை இழந்தவர்களில் பலருக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது, செலுத்திய குளுக்கோஸ் அதோடு போட்டியிட்டுத் தோற்று, உண்மையான புற்றுகூட மங்கித் தெரியலாம். கணையப் புற்றுக்கென்று பார்க்கும் சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையும் இத்தகையதே. 37 என்ற வரம்பைத் தாண்டிவிட்டால் பயப்படுகிறார்கள். பித்தம் தடைபட்டாலும் பித்தநாளத்தில் கிருமி தொற்றினாலும் அது ஏறும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, ரத்த வகையைச் சேர்ந்த பிறவிக் காரணத்தால், அது புற்று இருந்தாலும் ஏறுவதில்லை.

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, அறுவைக்குப் பின் படத்தில் தெரிகிற எதையும் பொருட்படுத்த வேண்டாம் என்று எவரும் கொண்டுவிடக்கூடாது. சாதுவாகத் தோன்றி உயிருக்கே உலை வைக்கும் தோற்றங்களும் இதே படங்களில் ஒளிந்திருக்கின்றன. அறுவையின்போது கட்டிவிட்ட தமனியின் முனையைக் கணைய நீர் அரித்து, அங்கே பட்டாணியளவில் ஒரு ரத்தக் குமிழ் புடைத்துக்கொண்டு நிற்பது அவற்றுள் ஒன்று. சாய மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும் அந்த ஒருசில விநாடிகளில் எடுத்த படத்தில்தான் அது தெளிவாகத் தெரியும்; பிந்தி எடுத்த படத்தில் பக்கத்துச் சிரைகளின் வெளுப்பில் கலந்துவிடும். வடிகுழாயில் கொஞ்சம் ரத்தம் தென்பட்டு நின்றுபோய், இனி ஒன்றுமில்லை என்று எல்லாரும் இருக்கும்போது அது வெடித்து நோயாளியைக் கொண்டுபோய்விடலாம். நோய் உண்மையாகவே திரும்பி வருவதும் அபூர்வமல்ல. கணையப் புற்றில், வருத்தத்துக்குரிய விதமாக, அதுவே பெரும்பாலோர் கதி, அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளே. தழும்பு என்று சொல்லி ஆறுதல் தேடிக்கொள்வதும் நோயாளிக்குச் செய்யும் தீங்காகவே முடியக்கூடும்.

அப்படியானால் தீர்மானிப்பது எப்படி? காலமே முதல் பரீட்சை. தழும்பு சில மாதங்களில் சுருங்கும், அல்லது இருந்தபடியே இருக்கும். அதன் ஓரங்கள் கோடுகோடாக இழுபட்டிருக்கும். புற்று வளரும், திரண்டு உருண்டையாகும், பக்கத்திலுள்ள சிரையை நெரிக்கும். இந்த வேறுபாட்டைக் காண இரண்டு படங்கள் வேண்டும். முதற்படமே இல்லாவிட்டால் ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான், வீக்கமெல்லாம் தணிந்தபின், நோயாளி நலமாக இருக்கும்போதே எடுத்துவைக்கும் ஆரம்பப் படத்துக்கு இத்தனை மதிப்பு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதிப்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் முறை. நலமாக இருக்கிறோமே, ஏன் வீண் செலவு என்று முதற்படத்தைத் தவிர்க்கிறவர்கள், பிற்பாடு ஒரு சந்தேகம் வரும்போது அதைத் தீர்க்கும் வழியையே இழந்துவிடுகிறார்கள்.

காலம் தீர்க்காத சந்தேகத்தைத் திசுதான் தீர்க்க வேண்டும். இரைப்பைக்குள் செலுத்தும் குழாயின் நுனியிலிருந்து ஒலியலையால் படம் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் துளி திசு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் பயாப்சி இன்று பல நகரங்களில் சாத்தியமாகியிருக்கிறது. படத்துக்கும் திசுவுக்கும் உள்ள தூரத்தை அறிய, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாயிருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையாரின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. 2009-ஆம் ஆண்டு ஜனவரியில் வழக்கமான பரிசோதனைக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் அவருடைய கணையத்தின் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவிலே கட்டியொன்று தென்பட்டது. பிப்ரவரி 5-ஆம் தேதி நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கணையத்தின் ஒரு பகுதியையும் மண்ணீரலையும் நீக்கினார்கள். எடுத்த திசுவைப் பரிசோதித்தபோது, படம் காட்டிய கட்டி தீங்கற்றதாக இருந்தது. படத்தில் தெரியாத, அதைவிடச் சிறிய மற்றொரு கட்டிதான் புற்றாக இருந்தது! பத்து ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், ரத்தப் பரிசோதனையில் ஏதோ மாறுதல் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் பயாப்சி செய்து, கணையத்தில் புற்று இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே, ஆகஸ்டில் மூன்று வாரக் கதிர்வீச்சைத் தொடங்கினார்கள். 2020 செப்டம்பரில் அவர் அந்த நோயினாலேயே காலமானார். ஆனால் முதல் அறுவைக்கும் அந்த முடிவுக்கும் இடையில் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் நீதிபீடத்தில் அமர்ந்து பணியாற்றினார்.

நோயாளியின் குடும்பத்தார் செய்யக்கூடியதும் இதில் உண்டு, அது சிறிதன்று. டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல், அறுவையின்போது என்னென்ன எடுத்தார்கள், எதை எதோடு இணைத்தார்கள், உள்ளே எதை வைத்தார்கள் என்ற விவரமுள்ள ஆபரேஷன் குறிப்பின் நகலொன்றைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். எடுத்த திசுவின் பயாப்சி அறிக்கையையும் அதோடு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனின் படங்களையும் குறுந்தகட்டில் பெற்று, தேதி எழுதி, ஒரே உறையில் போட்டுவைக்க வேண்டும்; அச்சிட்ட அறிக்கை மட்டும் இருந்தால் அடுத்தவர் அதை வைத்து ஒப்பிட முடியாது. கூடுமானவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுத்துக்கொள்வதும், அங்கே பூர்த்தி செய்யும் படிவத்தில் அறுவையின் பெயரையும் தேதியையும், பெற்ற கீமோதெரபி, கதிர்வீச்சு விவரங்களையும், அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் எழுதுவதும் நல்லது. அறிக்கையில் சந்தேக வரி வந்துவிட்டால், படங்களை அறுவை செய்த நிபுணரிடம் கொண்டுபோய், ரேடியாலஜிஸ்டோடு அவரே ஒரு முறை பேசும்படி தயங்காமல் கேட்கலாம். தமனியைச் சுற்றித் திசு எங்கே சுரண்டப்பட்டது, கொழுப்புப் போர்வை எங்கே வைக்கப்பட்டது என்று அவர் சொல்லக் கேட்டுப் படத்தை மறுபடியும் பார்த்தபின் அறிக்கை திருத்தி எழுதப்படுவதும் உண்டு, பயாப்சிக்கு நாள் குறிக்கப்படுவதும் உண்டு.